குச்சி முட்டிய இடத்துக்குக் கீழே மதினியின் பெயர்

பாசத்துக்கும் சண்டைக்கும் எனக்கு ஒரே ஆளாக இருந்த என் மாரீஸ்வரி மதினிக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. அப்படி ஆரம்பித்தால், "சுத்தி வளைக்காம என்ன வேணும்னு சொல்லுடி" என்பீர்கள். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நீங்கள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனி எழுதிய கடிதத்தில், உங்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வார்த்தை போட்டிருக்கிறார்கள். அதை அடிக்க வைக்க வேண்டும். இத்தனை மாதமாக அதற்குத்தான் அலைகிறேன்.

'அத்துமீறி நுழைந்தவர்.' அதுதான் அந்த வார்த்தை. ஒன்பது வருடம் அந்த கேட்டைத் தாண்டி உள்ளே போய் வந்தவர் நீங்கள். காவலாளிக்குக் காய்ச்சல் என்றால் கஷாயம் வைத்துக் கொண்டுபோனவர். விபத்து நடந்த அன்று மட்டும் வேலைக்கு வராமல், யாருக்கும் தெரியாமல் உள்ளே நுழைந்துவிட்டீர்களாம். இதை எழுதியவருடைய கை வலிக்கவில்லையா என்று எனக்கு இன்றுவரை ஆச்சரியம்தான்.

வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொல்லாதே என்று என்னை எத்தனை தடவை திட்டியிருப்பீர்கள். இதை நான் நாலு பேர் படிக்கிற மாதிரிதான் எழுதுகிறேன் மதினி. கோபப்பட்டுக்கொள்ளுங்கள். இது நம் வீட்டு விஷயமாக இருந்திருந்தால் நானும் அண்ணனும் உங்கள் மகள் காவியாவும் ஆமத்தூரிலேயே கதவைச் சாத்திக்கொண்டு அழுது முடித்திருப்போம். கம்பெனியின் பெயரை மட்டும் எழுதவில்லை. வழக்கு நடக்கிற சமயம் வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார், அம்புட்டுத்தான்.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களுக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருத்தங்கல்லில் ஒரு அச்சகத்தின் மாடியில் எனக்கு ஓர் அறை, இரண்டு கம்ப்யூட்டர். கீழே காலண்டர் ஓடிக்கொண்டிருக்கும். மேலே நான் கம்பெனிகளுக்கு வேண்டிய புரோகிராம் எழுதிக்கொண்டிருப்பேன். உங்கள் கம்பெனியில் யார் வந்தார்கள், யார் எந்த அறையில் வேலை பார்க்கிறார்கள் என்று பதிய ஒரு புரோகிராம் கேட்டார்கள். வெடிமருந்து இருக்கிற இடம் என்பதால் செல்போனை உள்ளே கொண்டுபோக முடியாது. கேட் அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது, இன்டர்நெட் கிடையாது. ஆப், ஆன்லைன் என்று எதுவும் அங்கே ஆகாது. அந்தக் கம்ப்யூட்டரிலேயே திறந்து மூடுகிற ஒரு விண்டோ வேண்டும், அதில் பெயர்களின் வரிசை வேண்டும். எழுதிக் கொடுத்தேன்.

பேக்கிங் அறையில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த உங்களைக் கூப்பிட்டு, பிளஸ் டூ முடித்தவர் என்று அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தது அவர்கள்தான். நான் சிபாரிசு செய்ததாக ஊரில் பேசிக்கொண்டார்கள். செய்திருந்தால் பெருமைப்பட்டிருப்பேன். ஏனென்றால் என் புரோகிராமை உங்களைப்போல் உரித்து உப்புக்கண்டம் போட்டவர் வேறு யாருமில்லை.

நீளமான பட்டியல் ஒரு சின்ன விண்டோவுக்குள் அடங்காது. மேலும் கீழும் உருட்டித்தான் பார்க்க வேண்டும். அதற்காக வலது ஓரத்தில் ஒரு பட்டை இருக்கும், அதற்கு ஸ்க்ரோல்பார் என்று பெயர். நீங்கள் அதை 'ஓரத்துக் குச்சி' என்றீர்கள். தீப்பெட்டி ஊர்க்காரிக்கு எதைப் பார்த்தாலும் குச்சிதான் என்று நான் கேலி செய்தேன். கடைசியில் நானும் குச்சி என்றே சொல்லப் பழகிவிட்டேன்.

முதல் வாரமே குறைகளோடு வந்துவிட்டீர்கள். மவுஸ் சக்கரத்தை ஒருமுறை உருட்டினால் மூன்று பேரைத் தாண்டிப் போகிறது என்றீர்கள். ஒரு உருட்டுக்கு ஒரு பெயர் என்று மாற்றினேன். கீழே இருக்கும் ஒருவருக்கு டிக் போட்டால் பட்டியல் தாவி மேலே போய்விடுகிறது என்றீர்கள். அதைச் சரிசெய்ய எனக்கு நான்கு நாள் ஆயிற்று. பிறகு, கடைசிப் பெயர் விண்டோவின் அடி ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, பார்க்கவே மூச்சு முட்டுகிறது என்றீர்கள். கடைசிப் பெயருக்குக் கீழே கொஞ்சம் வெற்றிடம் விட்டேன். அந்தக் கடைசிப் பெயர் எப்போதும் உங்களுடையதுதான். எல்லோரையும் பதிந்து முடித்த பிறகுதான் உங்கள் பெயரைத் தட்டுவீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "பந்தி பரிமாறுறவ கடைசியாத்தான உக்காரணும்" என்றீர்கள்.

தீபாவளி சீசன் வந்ததும் மல்லாங்கிணறு பக்கத்திலிருந்து இன்னொரு வண்டியில் ஆட்களைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். ஆர்டர் நிறைய, ஆள் குறைவு. தூரத்திலிருந்து வருவதால் அந்த வண்டி எல்லோருக்கும் பின்னால்தான் வந்து சேரும். அதில் வருகிறவர்களை, ஏற்கெனவே திறந்திருக்கும் பட்டியலின் அடியில் நீங்கள் சேர்க்க வேண்டும். ஒரு அறைக்கு இத்தனை பேர்தான் என்று சட்டம் இருக்கிற தொழிலில், பின்வண்டி ஆட்களை எழுதுவதே கம்பெனிக்குப் பிடிக்கவில்லை என்று நீங்கள் என்னிடம் சொன்னீர்கள். எழுதாமல் உள்ளே விடமாட்டேன் என்று மேனேஜரிடம் நின்றீர்கள் என்பதையும் சொன்னீர்கள். அதைச் சொல்லும்போது உங்கள் முகத்தில் ஒரு திமிர் இருந்தது. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீன் ஆய்ந்துகொண்டே ஒரு விஷயம் சொன்னீர்கள். "ஏய் சுகந்தி, குச்சி கீழ போயி முட்டிக்கிட்டு நிக்கிது. ஆனா மல்லாங்கிணறு வண்டி ஆளுகளக் காணோம். அடிச்ச பேரெல்லாம் எங்கன போகுதுன்னே தெரியல."

நான் என்ன செய்தேன்? எழுந்து வந்து பார்த்தேனா? ஒருமுறை மூடித் திறங்க மதினி, வந்துவிடும் என்றேன். மூடித் திறந்தால் வரத்தான் செய்தது. நீங்களும் அதன் பிறகு தினமும் மூடித் திறந்துகொண்டிருந்தீர்கள். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நான் விட்டுவிட்டேன். உங்கள் மற்ற குறைகளையெல்லாம் பெருமையாகச் சரிசெய்தவள், இதை மட்டும் ஏன் விட்டேன் மதினி?

அன்றைக்குக் காலை டீ நேரத்துக்குச் சத்தம் கேட்டது. நம் பக்கத்தில் சத்தம் கேட்டால் எல்லோரும் தெருவுக்கு வந்து வானத்தைத்தான் பார்ப்போம், எந்தப் பக்கம் புகை என்று. கீழே அச்சகத்தில் மிஷினை நிறுத்திவிட்டார்கள். புகை உங்கள் பக்கம் எழும்பியது. நான் வண்டியை எடுத்தேன். வழியில் என்ன நினைத்தேன் தெரியுமா? மதினி கேட் அறையில்தான் இருப்பாக, கேட் அறை தள்ளித்தான் இருக்கிறது, மதினிக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று நினைத்தேன். பின்வண்டி ஆட்களை எந்தெந்த அறைக்குப் பிரித்து அனுப்பினார்கள் என்று தலை எண்ண நீங்கள் உள்ளே போயிருந்தது எனக்குத் தெரியாது.

மற்றதை எழுத மாட்டேன். நீங்கள் அறிவீர்கள்.

மறுநாள் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். விபத்து நடந்த உடனே மேனேஜர் கேட் அறைக்குப் போய்த் தன் போனில் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை உருட்டி உருட்டிப் படமெடுத்திருக்கிறார். அதைப் பிரின்ட் போட்டு அண்ணனிடம் கொடுத்தார்கள். மற்ற எல்லோர் பெயரும் இருந்தது. பின்வண்டியில் வந்த நான்கு பேர் இல்லை. நீங்கள் இல்லை. கடைசிப் படத்தில் குச்சி அடியில் போய் முட்டிக்கொண்டு நின்றது. இதற்குக் கீழே ஒன்றுமில்லை பாருங்கள் என்றார்கள்.

அண்ணன் படத்தை என்னிடம் நீட்டினான். நீதான எழுதுன, இதுக்குக் கீழ பேரு இருக்குமா என்று கேட்டான்.

இப்போது சொல்லப்போவதை உங்களிடம் சொல்லாமல் இருக்கத்தான் இத்தனை நாள் இந்தக் கடிதத்தைத் தள்ளிப்போட்டேன். "குச்சி முட்டிட்டா அதுக்குக் கீழ எதுவும் கிடையாதுண்ணே" என்றேன். நான் எழுதியது, தப்பாக இருக்காது என்ற திமிர். ஞாயிற்றுக்கிழமை மீன் ஆய்ந்துகொண்டே நீங்கள் சொன்னது அந்த நேரத்தில் என் ஞாபகத்துக்கே வரவில்லை. அண்ணன் படத்தை என் கையிலேயே விட்டான். "அப்ப காலையில நான் பஸ் ஏத்திவிட்டது யார?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டான்.

மூன்றாம் நாள் மேனேஜரே என்னைக் கூப்பிட்டு, பட்டியலை ஒரு காப்பி எடுத்துக் கொடுக்கச் சொன்னார். கேட் அறைக்குப் போனேன். அதுவரை அணைத்து வைத்திருந்த கம்ப்யூட்டரைப் போட்டுப் புரோகிராமைத் திறந்தேன். உருட்டினேன். எல்லோரும் இருந்தார்கள். பின்வண்டியில் வந்து காயத்தோடு தப்பிய பேச்சியம்மாள், அவளுக்குக் கீழே அந்த வண்டியின் மற்ற மூன்று பேர், அவர்களுக்கெல்லாம் கீழே கடைசியாக நீங்கள். அதற்குக் கீழே நான் உங்களுக்காக விட்ட வெற்றிடம். அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். காவலாளி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

காப்பியைப் பார்த்த மேனேஜர் அதிரவில்லை. என்னைப் பார்த்து, நீங்கள் இறந்தவருக்கு நாத்தனார், நீங்கள்தான் புரோகிராம் எழுதியவர், நீங்கள்தான் இன்று கம்ப்யூட்டரைத் தொட்டவர், பிறகு சேர்த்ததென்றுதான் உலகம் சொல்லும் என்று பொறுமையாகச் சொன்னார். பதிந்த நேரமும் அதிலேயே இருக்கிறதே என்றேன். கம்ப்யூட்டர் கடிகாரத்தை மாற்ற உங்களுக்குத் தெரியாதா என்றார். நான் மாட்டிக்கொண்டேன் மதினி. உங்கள் பெயர் அங்கே இருப்பதைப் பார்த்தது நான், ஆனால் நான் சொன்னால் செல்லாது.

என் மாடி அறைக்கு வந்து புரோகிராமை வரிவரியாகப் படித்தேன். பிழை கிடைக்க அதிக நேரம் ஆகவில்லை. விண்டோ, பொத்தான், குச்சி எல்லாவற்றையும் நாங்களே வரைவதில்லை. ஆயத்தமாகச் செய்துவைத்த ஒரு தொகுப்பிலிருந்து எடுத்துப் பொருத்துகிறோம். உருட்டுகிற விண்டோவில் இரண்டு அளவு உண்டு. ஒன்று, கண்ணுக்குத் தெரிகிற சட்டம். இன்னொன்று, அதற்குப் பின்னால் இருக்கும் நீளமான தாள். அந்தத் தாள் எவ்வளவு நீளம் என்று விண்டோவுக்குத் தானாகத் தெரியாது. எழுதுகிறவள் சொல்ல வேண்டும். சொன்ன நீளம்வரைதான் அது உருட்டும், குச்சியும் அங்கேதான் முட்டும். காலையில் பட்டியலைத் திறக்கும்போது நான் நீளத்தைச் சொல்லியிருந்தேன். பிறகு பெயர் சேர்க்கும்போது, தாள் நீண்டுவிட்டது என்று மறுபடி சொல்லவில்லை. ஒரே ஒரு வரி. அதை எழுத மறந்தேன். பெயர்கள் பதிவாகிவிடும், இடத்தில் போய் உட்கார்ந்தும்விடும், ஆனால் எவ்வளவு உருட்டினாலும் யார் கண்ணுக்கும் வராது. மூடித் திறந்தால் புதிதாக அளந்துகொள்ளும், அப்போது வரும். அன்று மூடித் திறக்க உங்களுக்கு நேரமில்லை. தலை எண்ணப் போய்விட்டீர்கள்.

காலண்டர் ஊரில் பிறந்தவளுக்கு இது உறைக்க வேண்டாமா? மேல்தாள் மட்டும் தெரிகிறது என்பதற்காக அடியில் இருக்கும் தேதிகள் இல்லையென்று யாராவது சொல்வார்களா? நான் சொன்னேன். அதுவும் அண்ணனிடம் சொன்னேன்.

அழுகை போய்க் கோபம் வந்தது அப்போதுதான். மேனேஜர் கொடுத்த படத்தை எடுத்துக்கொண்டு கீழே அச்சகத்துக்குப் போனேன். அச்சு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க அவர்கள் ஒரு லென்ஸ் வைத்திருப்பார்கள். கடைசிப் படத்தின் அடியில் அதை வைத்துப் பார்த்தேன். கடைசிப் பெயருக்குக் கீழே, உங்கள் மூச்சு முட்டாமல் இருக்க நான் விட்டேனே ஒரு வெற்றிடம், அது வெற்றாக இல்லை. அடுத்த வரியின் எழுத்துகள் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. பட்டியலில் அடுத்து வருகிற பேச்சியம்மாளின் வரி அது. தாளின் நீளம் அங்கே முடிந்துவிட்டது என்று நம்பி விண்டோ வெட்டிவிட்டது, ஆனால் ஓரத்தில் ஒரு கீற்று மிஞ்சிவிட்டது.

நான் கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு இரண்டு நாள் முன்னால், மேனேஜர் தன் கையால், தன் போனில் எடுத்த படம் அது. அதில் நான் எதைச் சேர்த்திருக்க முடியும்?

எப்படியோ விஷயம் அவர் காதுக்குப் போய்விட்டது. பிழை இருக்கிறது என்று அச்சகத்தில் நான் கத்தியதை நாலு பேர் கேட்டிருப்பார்கள். மேனேஜர் என் மாடிப்படி ஏறி வந்தார். பழக்கூடையோடு வந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவருடைய பேச்சு ரொம்ப மரியாதையாக இருந்தது. விசாரணையில் நான் வேறொன்றும் சொல்ல வேண்டாமாம். "ஒங்க புரோகிராம்ல தப்பு இல்லன்னு ஒரு வரி சொன்னாப் போதும்மா. நாங்களும் அதத்தான் சொல்றோம்" என்றார். உலகத்திலேயே வேறு எந்தப் புரோகிராம் எழுதுகிறவளுக்கும் இப்படி ஒரு சலுகை கிடைத்திருக்காது. உன் பிழையை மறைத்துத் தருகிறோம், உன் பெயரைக் காப்பாற்றித் தருகிறோம், உன் மதினியின் பெயரை மட்டும் விட்டுவிடு. தப்பு இருக்கிறதென்று ஒருமுறை வெளியில் தெரிந்தால் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கம்பெனி உங்களைக் கூப்பிடும் என்றும் கேட்டார். அதுவும் நியாயமான கேள்விதான்.

பழக்கூடையை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். அப்படியே வைத்துவிட்டுப் போனார். அச்சகத்து ஆட்களிடம் கொடுத்துவிட்டேன். ஆப்பிள் புளிப்பு என்றார்கள்.

விசாரணை விருதுநகரில் நடந்தது. ஒரு மேஜை, ஒரு விசாரணை அதிகாரி, சீல் வைத்துக் கொண்டுவந்த அந்தப் பழைய கம்ப்யூட்டர். ஒரு பக்கம் மேனேஜரும் கம்பெனி வக்கீலும். இந்தப் பக்கம் அண்ணனும் நானும் நம் வக்கீலும். வாசலுக்கு அருகில் பேச்சியம்மாள், வலது கையில் கட்டோடு. சாப்பாடு கொடுக்க வந்ததாகச் சொல், ஆஸ்பத்திரிச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். அவள் வருவாள் என்று நான் நினைக்கவே இல்லை. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள்.

நீங்கள்தான் இந்தப் புரோகிராமை எழுதியவரா என்று அதிகாரி என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். குச்சி முட்டினால் பட்டியல் முடிந்தது என்று அர்த்தமா என்றார். அப்படித்தான் இருக்க வேண்டும், ஆனால் நான் தப்பாக எழுதியிருக்கிறேன் சார் என்றேன். கம்பெனி வக்கீல் உடனே எழுந்து, சொந்தக்காரி வேண்டுமென்றே சொல்கிறார் என்றார். அப்படியானால் நான் கம்ப்யூட்டரைத் தொடவே மாட்டேன், நீங்களே தட்டிப் பாருங்கள் என்று அதிகாரியிடம் சொன்னேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திறந்திருந்த பட்டியலின் அடியில் ஒரு பெயர், இரண்டு பெயர் என்று ஒற்றை விரலால் தட்டினார். கடைசியாகத் தன் பெயரைத் தட்டினார். சக்கரத்தை உருட்டினார். குச்சி போய் முட்டியது. மறுபடி மேலே போய் மறுபடி கீழே வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"எம் பேரு எங்கம்மா?" என்றார்.

"இருக்கு சார். நீங்க இங்கன உக்காந்திருக்கிற மாதிரி அதுவும் உள்ள இருக்கு. அளவு சொல்லாம விட்டது நான். தப்பு என்னோடது, எங்க மதினியோடது இல்ல" என்றேன். மூடித் திறக்கச் சொன்னேன். திறந்தார். தன் பெயரைக் கண்டுபிடித்ததும் அந்த மனிதர் முகத்தில் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு லென்ஸையும் மேனேஜர் எடுத்த படத்தையும் அவர் முன்னால் வைத்தேன். ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். இந்தப் படம் யார் எடுத்தது என்று கேட்டார். நான்தான் என்று மேனேஜர் சொல்ல வேண்டியிருந்தது. எப்போது என்று கேட்டார். விபத்து நடந்த அன்றைக்கே என்றும் அவர்தான் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குள் வாசல் பக்கத்திலிருந்து பேச்சியம்மாள் யாரும் கூப்பிடாமலே எழுந்துவிட்டாள்.

"நாந்தாய்யா அது. வண்டிய விட்டு எறங்குன ஒடனே மொதப் பேரா என்னயத்தான் அடிச்சாக. கடைசியா அவுக பேர அடிச்சிட்டு, வாங்க போவோம்னு எங்களக் கூட்டிக்கிட்டு உள்ள வந்தாக" என்றாள்.

அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எழுதினாரே தவிர, இன்னும் தீர்ப்பு வரவில்லை. கம்பெனி வக்கீல் சும்மா இருப்பாரா? அன்றுவரை இந்தப் புரோகிராம்தான் அத்தாட்சி என்றவர், அன்றிலிருந்து பிழையுள்ள புரோகிராம் சொல்வதை எப்படி நம்புவது என்கிறார். வெளியூரிலிருந்து நிபுணர் ஒருவரைக் கொண்டுவந்து சோதிக்க வேண்டும் என்று மனு போட்டிருக்கிறார்கள். அவர் வந்தபின் இன்னொருவர் வேண்டும் என்பார்கள். நாங்கள் சலித்துப்போய் வீட்டுக்குப் போய்விடுவோம் என்று காத்திருக்கிறார்கள்.

இங்கே மற்றவை இப்படி இருக்கின்றன. என் புரோகிராமை வைத்திருந்த கம்பெனிகளில் நான்கு பேர் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். தப்பை ஒத்துக்கொண்டவளிடம் நம்பி வேலை கொடுக்கலாம் என்று ஒரு தீப்பெட்டி ஆபீஸில் மட்டும் புதிதாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். பேச்சியம்மாளுக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள், விரல் மடங்கவில்லை. அண்ணன் லோடு வண்டி ஓட்டுகிறான். நீங்கள் இருந்தவரை ஒரு நாளும் அடுப்படிக்குள் வராதவன், இப்போது ரசம் வைக்கிறான். வாயில் வைக்க முடியவில்லை. நானும் காவியாவும் நல்லா இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிடுகிறோம். என் மேல் அவனுக்கு இருந்த கோபம் விசாரணை முடிந்து வெளியே வந்தபோது போய்விட்டது. பஸ்ஸில் என் கைப்பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

காவியாவின் பள்ளிக்கூடத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அம்மா எப்படி இறந்தார் என்று ஒரு கட்டம். கம்பெனிக் கடிதத்தை அவள் படித்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. 'வேலை நேரத்தில்' என்று எழுதிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்து, "சரிதான அத்தை?" என்று கேட்டாள். சரி என்றேன். அதைச் சரி என்று ஒரு அதிகாரியின் கையெழுத்தோடு அவளுக்குக் காட்ட வேண்டும் மதினி. நட்டஈடு கொடுத்துக் கதையை முடிக்கலாம் என்று ஆள் அனுப்பினார்கள். அந்த வார்த்தையை அடித்துவிட்டு வாருங்கள், பிறகு பேசுவோம் என்று அண்ணனே சொல்லி அனுப்பிவிட்டான்.

இனி வாக்கு கொடுக்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்ற எல்லா இடத்திலும் அந்தப் பிழையை அன்றே திருத்திவிட்டேன். நானே போய், இது என் தப்பு என்று சொல்லித் திருத்திக் கொடுத்தேன். உங்கள் கேட் அறைக் கம்ப்யூட்டரில் ஓடிய அந்த ஒரு பிரதியை மட்டும் தொடவில்லை. தெரிந்த பிழையைத் திருத்தாமல் விட்டுவைப்பது எங்கள் தொழிலில் அவமானம். அந்த அவமானத்தை நான் சுமந்துகொள்கிறேன். அவர்கள் எத்தனை நிபுணர்களை வேண்டுமானாலும் கொண்டுவரட்டும். ஒவ்வொருவரையும் அந்த நாற்காலியில் உட்காரவைத்து, கடைசியாக அவரவர் பெயரைத் தட்டச் சொல்வேன். உருட்டச் சொல்வேன். வந்து உட்கார்ந்திருக்கும்போதே தன் பெயர் இல்லாமல் போனால் எப்படி இருக்கும் என்று ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் பார்க்கட்டும்.

உங்கள் பெயருக்குப் பக்கத்திலிருந்து அந்த வார்த்தையை அவர்கள் அடிக்கிற அன்றைக்குத்தான், நான் எழுத மறந்த அந்த ஒரு வரியை எழுதுவேன். அதுவரை எழுத மாட்டேன்.

தப்பை ஒத்துக்கொண்ட, ஆனால் தோற்றதை ஒத்துக்கொள்ளாத
உங்கள் நாத்தனார்
சுகந்தி